டியூட்டி மாறும் நேரம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு கருவி அலறியது.

“மூணாம் பெட். மருந்து தீரப்போகுது, போய்ப் பாரு” என்றார் அக்கா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மதிய டியூட்டிக்கு அப்போதுதான் வந்திருந்த நர்ஸ் ஓடினாள். தீரத்தான் இருந்தது. புது மருந்து பாட்டில் மாற்றிவிட்டு வந்தாள்.

“எப்படிக்கா சத்தத்த வச்சே சொல்றீங்க?”

“முப்பது வருஷப் பழக்கம். நான் சேர்ந்தப்போ இங்க ஒரே ஒரு மெஷின்தான். மத்தவங்களுக்கெல்லாம் மூச்சுச் சத்தம்தான் கணக்கு. ஒரு டம்ளர் டீயை ரெண்டு பேர் பாதிப் பாதியா குடிச்சுட்டு, காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்போம். அது ஒரு காலம்!”

“அதுக்காக நாலு நாளா தூங்காம இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“மணி அடிக்குதே, எப்படித் தூங்கறது?”

நர்ஸ் சற்று யோசித்தாள். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அருகில் நின்றாள்.

“அக்கா, உங்க டியூட்டி முடிஞ்சுது. வார்டை என்கிட்ட ஒப்படைங்க.”

அக்காவின் குரலில் மிடுக்கு ஏறியது. “ஒண்ணாம் பெட், இருமல் குறைஞ்சிருக்கு. ரெண்டு, காலைலேருந்து முனகறார். மூணு, இப்பதான் மருந்து மாத்தினே. நாலு, சம்சாரம் வந்துட்டுப் போனதும் மூச்சு சீரா இருக்கு. அஞ்சும் ஆறும் காலி.”

நர்ஸ் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டாள்.

“ஏழாம் பெட்?”

அக்கா தன் மார்பில் ஒட்டியிருந்த வயர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“இதய ஆபரேஷன். ரிட்டயர்டு நர்ஸ். பிடிவாதக்காரி. கொஞ்சம் பாத்துக்கோ.”

“பாத்துக்கறேன்க்கா. நீங்க கிளம்புங்க.”

சற்று நேரத்தில் நாலாம் பெட்டின் கருவி அலறியது. ஏழாம் பெட்டிலிருந்து குறட்டைதான் பதிலாக வந்தது.