பாக்கி இல்லாத ரொட்டி

ரொட்டி மெஷினுக்கு நாங்கள் இன்னும் கட்ட வேண்டியிருந்தது பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். கடையில் இரண்டு ரகம் இருந்தது. நாடி பார்க்கும் ரகத்துக்குத் தவணை பாதிதான் என்றதால் அதையே எடுத்தோம். விடியுமுன்னே உப்பளத்துக்குக் கிளம்புகிறவர்களுக்கு அடுப்பு மூட்ட ஏது நேரம்? என் மனைவி வடிவு மாவைக் கொட்டிக் கட்டைவிரலை வைப்பாள். அவள் நாடியைப் பார்த்து, உப்பும் சீனியும் அளவாகச் சேர்த்து அது ரொட்டி சுடும். பார்த்ததைக் கம்பெனிக்கும் சொல்லும். கடனும் அவள் பேரில்தான்.

இன்று காலை மெஷின் திரையில் எழுத்து ஓடியது. நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். பாக்கி முழுவதும் தள்ளுபடி.

"நெசமாவா? ஒங்க படிப்ப நம்பி நான் கூத்தாட முடியாது, நல்லாப் பாருங்க" என்று சிரித்தாள்.

"நெசந்தாம்ளா."

"நமக்குப் போயி எதுக்கு விட்டான்?"

அளத்தில் இதற்கு முன் மூன்று பேருக்கு இப்படித் தள்ளுபடி வந்தது. தவணை முடியும்வரை ஆள் இருக்காது என்று தெரிந்தால்தான் கம்பெனி கடனை விடும். மூன்று பேரையும் இரண்டு மாதத்துக்குள் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

"பண்டிகைக்கு விட்டிருக்கான்" என்றேன்.

"அப்ப இந்த மாசத் தவணைக் காசுல ஒங்களுக்கு பூட்ஸ் எடுப்போம். பாதம் உப்புல வெந்து கெடக்கு."

"பூட்ஸ் கெடக்கட்டும். இன்னைக்கு வேலைக்குப் போவேண்டாம். அந்தக் காச எடுத்துக்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் சிரிப்பு நின்றது.

"யாருக்கு என்ன?"

"எனக்குத்தான்" என்றேன்.