வலது இருக்கை

காலையில் எழுந்து பால் காய்ச்சுகிறேன். உப்புமா கிண்டி, பாதியைச் சாப்பிடுகிறேன். ஹடப்சரிலிருந்து பைக்கில் ஹேங்கருக்குப் போகிறேன். புனேயின் ஏப்ரல் வெயிலில் நின்ற விமானத்தின் காக்பிட் அடுப்பாகக் கொதிக்கும். கருவிகளைச் சோதிப்பதற்கு முன் அதைக் குளிர வைப்பது என் வேலை. குளிர்காற்று வண்டியின் தடித்த குழாயை உள்ளே விட்டால் அரை மணியில் இருக்கைகள்கூடச் சில்லிட்டுவிடும்.

இன்று வேலைக்கு வந்த விமானத்தில் இடது இருக்கை சில்லிட்டது. வலது இருக்கை மட்டும் சில்லிடவில்லை. உடன் வேலை செய்யும் ரஃபீக் வெப்பமானியை வைத்துப் பார்த்தான். இடது பக்கம் பதினெட்டு டிகிரி. வலது பக்கம் முப்பத்தேழு.

“என்ன மாப்ள, யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கு. நீ இதுல தூங்குனியா?” என்று சிரித்தான்.

நான் அந்த இருக்கையில் கை வைத்துப் பார்த்தேன்.

“கோளாறுன்னு எழுதிக் குடுத்தா மத்தியானமே சீட்டைக் கழட்டிருவாங்க. குடுக்கவா?”

“வேணாம்டா. இருக்கட்டும்.”

அவன் இறங்கிப் போனதும் குழாயை இடப்பக்கமாகத் திருப்பி வைத்தேன். என் மனைவி கிருஷ்ணப்ரியாவுக்குக் குளிர் ஆகாது. இடது இருக்கையில் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரியில், ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் உயிரோடு இல்லை. நான் கிளம்பும்போது அவள் சொன்னது இதுதான்:

“மெதுவா போயிட்டு வாங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்.”