மேலே ஏறும் கோடு

"ரிட்டயர் ஆகியும் இந்தக் கணக்கு உங்களை விடமாட்டேங்குதே சார்!"

புள்ளிவிவர அலுவலகத்தில் அவருடைய பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் அதிகாரி சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. நாட்டில் நடக்கும் தற்கொலைகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் அவர் செய்த உத்தியோகம். மற்றவர்கள் மழையை விசாரிப்பதுபோல அவர் அதை விசாரிப்பார்.

"இந்த வருஷம் எப்படிம்மா?"

"சின்னப் பசங்க கணக்கு கொஞ்சம் இறங்கியிருக்கு சார். பொம்பளைங்க கணக்கு அப்படியே நிக்குது. அந்த ஒரு கோடுதான் இன்னும் மேல ஏறிட்டே போகுது."

"அறுபது தாண்டின ஆம்பளைங்க?"

"அதேதான். பொண்டாட்டிய இழந்துட்டு தனியா இருக்கறவங்க. கடைசி அறிக்கையில நீங்க எழுதினது அப்படியே பலிச்சிருச்சு."

பலித்ததில் அவருக்குப் பெருமை ஒன்றுமில்லை. கீழ்வீட்டுக்காரரின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வேறு ஊரிலிருந்து குடிவந்தவர். வயது, மனைவி இல்லாதது, தனிக்கட்டை வாழ்க்கை என்று அட்டவணையின் எந்தக் கட்டத்தில் வைத்தாலும் ஆள் கச்சிதமாகப் பொருந்தினார். ஒரே மகள் எங்கோ தொலைவில் நர்ஸ். என்ன தொழில் பார்த்தீர்கள் என்று கேட்டால், "ஏதோ பொழப்பு ஓடிச்சு" என்பதோடு சரி.

அந்த மனுஷன் ஏதாவது செய்துகொண்டுவிடுவாரோ என்று அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. பயத்தை முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? தினமும் போய்ப் பார்க்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நல்லவேளை, அந்த வீட்டில் சாக்குக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நாள் ஃபேன் ஓடாது, இன்னொரு நாள் இஸ்திரிப்பெட்டி சூடாகாது.

அன்று மாலை ரேடியோ.

"வாங்க சார். காலையிலேர்ந்து மூச்சுவிடமாட்டேங்குது."

"நேத்து நல்லாத்தானே பாடிச்சு?"

"அதுக்கும் வயசாகுதில்ல?"

இந்த மாதிரிப் பேச்சுக்குத்தான் அவர் பயந்தார். சீக்கிரம் எழுந்து போகக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு ரேடியோவைப் பிரித்தார். திருகினால் பாடும் என்பதற்கு மேல் அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். கீழ்வீட்டுக்காரர் பொறுமையாக டார்ச் பிடித்தார்.

"மத்தியானம் என்ன சாப்ட்டீங்க சார்?"

"ஏதோ சாப்ட்டேன்."

"ஏதோன்னா?"

பதிலுக்குக் காத்திராமல் கீழ்வீட்டுக்காரர் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தார். பாவம், பேச ஆளில்லாத மனுஷன் என்று இவர் மறுக்காமல் சாப்பிட்டார். பிறகு ஒரு கம்பியை இழுத்துச் சொருகியதும் ரேடியோ கணீரென்று பாடியது. இரண்டு திருகாணி மிச்சமிருந்ததை இருவருமே கண்டுகொள்ளவில்லை.

"கைராசிக்காரர் சார் நீங்க! நாளைக்கு வருவீங்கல்ல? மிக்சி வேற ஒரு மாதிரி உறுமுது."

நாளையைப் பற்றிப் பேசுகிறாரே, அது போதும் என்று அவர் நிம்மதியாக வெளியே வந்தார். படிக்கட்டில், லீவு போட்டுவிட்டு ஊரிலிருந்து வந்த கீழ்வீட்டுக்காரரின் மகள் பையோடு எதிர்ப்பட்டாள். அவளை ஓரமாக அழைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதம்மா. அப்பா வயசுல ஒத்தையில இருக்கறது நல்லதில்ல. கையோட உன்கூடக் கூட்டிட்டுப் போயிடு."

"கூப்பிடாம இருப்பேனா மாமா? கால்ல விழாத குறைதான். வரவே மாட்டேங்கறார்."

"ஏனாம்?"

அவள் தயங்கினாள். பிறகு, எப்படியும் ஒரு நாள் சொல்லத்தானே வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

"அத்தை தவறினதுக்கப்புறம் உங்களை மேல்வீட்டுல தனியா விட்டுட்டு வர அவருக்கு மனசில்ல மாமா. உங்க ஆபீஸ் அறிக்கையைப் பேப்பர்ல படிச்சதுலேர்ந்து ஒரே பயம். முப்பது வருஷம் ரிப்பேர் கடை வெச்சிருந்த மனுஷன், தினம் ஒரு சாமானைக் கழட்டிப் போட்டுட்டு நீங்க வர்றீங்களான்னு வாசலையே பார்த்துட்டு உக்காந்திருக்கார்."