இஸ்ஸா, ஆரா?

"இஸ் இல்லடா, ஆர்! ஆர்னு சொல்லு!"

பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவர் அங்கிருந்தே கத்தினார். பால்கனியில் நின்று, வேலை பார்க்கும் ஊரில் தான் குடியிருக்கும் வீட்டின் ஓனரிடம் போனில் பேசிக்கொண்டிருந்த மகன், சும்மா இருக்கும்படி கையைக் காட்டினான்.

"யெஸ் சார்... மை பேரண்ட் இஸ் கமிங் வித் மீ" என்றான் மறுபடியும், அழுத்தமாக. பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டான்.

பெரியவர் ஆயுசு முழுக்க ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்தியவர். அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'கமா'. அச்சில் ஒரு கமா விட்டுப்போயிருந்தால்கூட அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. பெற்ற பிள்ளை வாயில் வினைச்சொல்லே பிசகினால் தாங்குவாரா?

"கேட்டியா, உன் பிள்ளையோட இங்கிலீஷை?" என்றார் மனைவியிடம். "பேரண்ட்ஸ்ல இருக்கிற 'ஸ்'ஸை முழுங்கினான். அது செரிக்கறதுக்குள்ள 'ஆர்'ரையும் முழுங்கிட்டான். இந்த லட்சணத்துல இவன் மேனேஜராம்!"

அவள் சிரிக்கவில்லை. "அதை விடுங்க. இங்க வாங்க. இந்த வாஷிங் மெஷின்ல முதல்ல எந்த பட்டனை அமுக்கணும்? சொல்லுங்க பார்ப்போம்."

சில நாட்களாகவே அவளுக்கு இதே வேலை. அடுப்பைப் பற்றவைக்கக் கற்றுக்கொடுத்தாள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஒப்பிக்கச் சொன்னாள். அவரும் முகம் சுளிக்காமல் கற்றுக்கொண்டார். மருமகள் நிறைமாதம். போகிற இடத்தில் ஆம்பளை என்று காலை நீட்டிக்கொண்டு உட்கார முடியுமா?

பட்டனைச் சரியாக அமுக்கிக் காட்டியவர், மறுபடி பெட்டியருகே வந்தார். "பிறக்கப்போற குழந்தைக்கு நான்தான் கிராமர் சொல்லித் தரப்போறேன். இவனை நம்பினா அதுவும் இஸ்ஸு இஸ்ஸுன்னுதான் சீறும்."

அவள் மாத்திரை டப்பாவை எடுத்து, அலமாரியில் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

மகன் போனைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். பெட்டியின் ஜிப் இடுக்கில் அப்பாவின் வேட்டி துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"அம்மா, நீங்க இன்னும் சொல்லவே இல்லையா?"

"அவ என்னத்தடா சொல்றது? நீ சொன்ன வாக்கியத்தை முதல்ல திருத்து. அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு. ரெண்டு பேரு. பன்மை."

"அது வந்துப்பா... அங்க வீடு ரொம்பச் சின்னது..."

"வீடு சின்னதா இருந்தா இலக்கணம் மாறிடுமா? எந்த வீட்டுலயும் பேரண்ட்ஸுக்கு ஆர்தான்டா!"

அவள் மெதுவாக வந்து, பெட்டியின் மேலிருந்த கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் சரியாத்தாங்க சொன்னான். நான் மட்டும்தான் போறேன்."