நஞ்சு காட்டும் கிண்ணம்

"கொஞ்சம் வெளியில நில்லு பிள்ளை. நீ பக்கத்தில நிண்டால் கிண்ணம் சரியாச் சொல்லாது."

மாமியார் சிவலட்சுமி மீன்குழம்புச் சட்டியோடு குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே நின்ற ஆன்சலா சாத்திய கதவை முறைத்தாள். அவள் இந்த வீட்டில் முதன்முதல் உலை வைத்த அன்று தொடங்கிய கூத்து இது. இரண்டு மாதமாக ஒரு நாளும் தப்பவில்லை.

ஆன்சலா முல்லைத்தீவுக் கடற்கரைப் பெண். காதலித்து, முத்தையன்கட்டுக் குளத்தடியில் வயல் செய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய தகப்பன் மரியநேசனின் வலையில் ஒரு நாள் மீனோடு மீனாக ஒரு பச்சைக் கிண்ணம் வந்தது. சீனத்துப் பழங்கிண்ணம், இளம் வாழைக்குருத்தின் நிறம். அதைத் தேய்த்துக் கழுவி மகளோடு அனுப்பியவர், சும்மா இருக்கமாட்டாமல், "நஞ்சு விழுந்தால் நிறம் மாறுமாம்" என்று சம்பந்தியம்மாவிடம் ஒரு கதையையும் சேர்த்து விட்டுவிட்டார்.

சம்பந்தியம்மா அந்தக் கதையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மருமகள் வைக்கிற கறி முதலில் கிண்ணத்துக்கு. பிறகுதான் மனிதருக்கு.

"மாமி என்ன, நஞ்சு பார்க்கிறாவோ, மருந்து பார்க்கிறாவோ?" என்று பக்கத்து வளவு வீரம்மா வேலிக்கு மேலால் கேட்டாள். மருந்து என்றால் காய்ச்சல் மருந்தல்ல. புருஷனை மயக்கக் கறியில் கலக்கிற மருந்து.

ஆன்சலா புருஷன் செல்வராசாவிடம் சொல்லி அழுதாள். "அம்மா பாவம், விடு" என்றுவிட்டு அவன் வயலுக்குப் போய்விட்டான். ஆம்பிளைகளுக்கு வயல் எப்போதும் வசதியான இடத்தில்தான் இருக்கிறது.

இத்தனைக்கும் அவளுடைய சமையலை ஒருவரும் குறை சொன்னதில்லை. "கடற்கரைப் பெட்டைக்கு எங்கட வீட்டுச் சமையல் வருமோ?" என்று கல்யாணத்தையே மறித்து நின்ற மாமனார் வீரகத்தி, இப்போது இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்குகிறார்.

அந்த வீட்டில் அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு. ஆம்பிளைகள் சாப்பிட முன்னம் கறியை யாரும் ருசி பார்க்கக் கூடாது. பார்த்தால் எச்சில். தாய்வீட்டில் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தே சமைத்துப் பழகியவள், இங்கே உப்பையும் புளியையும் வெறும் கைக்கணக்கில் போட்டே பெயர் எடுத்துவிட்டாள். பெயர் இருந்து என்ன, நம்பிக்கை இல்லையே.

ஒரு சனிக்கிழமை சிவலட்சுமியின் தம்பி கனகலிங்கம் கிளிநொச்சியிலிருந்து சைக்கிளில் வந்தார். யுத்தத் தடையால் பெற்றோலைக் கண்ணால் காணாத காலம். மனிதர் இரசாயனம் படிப்பிக்கிற வாத்தியார். கிண்ணத்தைக் கண்டதும் கையில் கொடுத்த தேத்தண்ணியை மறந்துவிட்டார். விரலால் சுண்டினார். கவிழ்த்து, அடியில் பூச்சில்லாமல் செம்மண் நிறமாக இருந்த வளையத்தைத் தடவினார்.

"இது செலடன் எண்ட சீனத்துப் பச்சைப் பாண்டம், பிள்ளை. அறுநூறு, எழுநூறு வருஷமாவது இருக்கும். இந்தப் பச்சை சாயமில்லை, கண்டியோ. சாம்பல் கலந்த பூச்சுக்குள்ள துளி இரும்பு இருக்கு. சூளையைக் காத்துப் புகாமல் அடைச்சு எரிச்சால் அது இப்பிடிப் பச்சையாகும். காத்துப் புகுந்திருந்தால் மஞ்சளாய்ப் போயிருக்கும்."

"இந்த மயிரிழைக் கோடுகள்?" என்று ஆன்சலா கேட்டாள்.

"அது உடைவில்லை. சூடு ஆறேக்கை மண்ணை விடப் பூச்சுக் கூடச் சுருங்கினது."

ஆன்சலா இன்னும் கிட்ட வந்தாள். "நஞ்சு பட்டால் நிறம் மாறுமோ?"

கனகலிங்கம் சிரித்தார். "பூச்சு எண்டது கண்ணாடி, பிள்ளை. போத்திலுக்குள்ள பூச்சிமருந்து விட்டால் போத்தில் நிறம் மாறுமோ? உது விக்க வந்தவங்கள் கட்டிவிட்ட கதை."

ஆன்சலா மாமியாரை நேராகப் பார்த்தாள். "கேட்டனீங்களே மாமி? இண்டைக்குக் கறியை நானே கொண்டுபோய் வைக்கிறன்."

சிவலட்சுமி குறுக்கே வந்தார். "இண்டைக்கு மட்டும் பிள்ளை... ஒருக்கால் பார்த்திட்டு..."

"இல்லை மாமி. இந்த வீட்டில என்னை நம்பினால் சாப்பிடட்டும், இல்லாட்டி விடட்டும்."

சட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், மாமனாருக்கும் கனகலிங்கத்துக்கும் தன் கையாலேயே குழம்பு விட்டாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

வீரகத்தி குழைத்து ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். கனகலிங்கம் அவசரமாகத் தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

"இண்டைக்கு ஆர் சமைச்சது? இது மருமகளின்ர கை இல்லையே" என்றார் வீரகத்தி.

ஆன்சலா திகைத்துப்போய்க் குசினிக்குள் ஓடி, குழம்பு கிண்டிய அகப்பையை நக்கிப் பார்த்தாள். உப்புக் கரித்தது. குளத்து மீனின் சேற்று மணம் அப்படியே நின்றது. இரண்டு மாதமாக அவள் இந்த வீட்டில் சாப்பிட்ட கறி இதுவல்ல.

அடுப்படியில் அந்தப் பச்சைக் கிண்ணம் இருந்தது. பக்கத்தில், வழக்கம்போல மாமியார் ஆயத்தமாக எடுத்து வைத்தவை: கரைத்த புளி, ஒரு சிரட்டை தேங்காய்ப்பால், ருசி பார்க்க ஒரு கரண்டி.

வெளியே சிவலட்சுமியின் குரல் கேட்டது.

"நான்தான். பிள்ளைக்குத் தலையிடி எண்டு இண்டைக்கு நான் வைச்சனான். நாளைக்கு அவள் வைப்பாள், ஆசையாய்ச் சாப்பிடுங்கோ."