வலப்பக்கம்

இத்தாலியில் கிராமம் கிராமமாகச் சுற்ற நான் வாடகைக்கு எடுத்த பழைய ஃபியட், அப்பா இருந்தவரை ஓட்டிய அதே மாடல். ஸ்டீயரிங் மட்டும் இடப்பக்கம். அம்மா பழக்கத்தில் இடது கதவைத் திறந்தாள்.

“அது டிரைவர் சீட்டும்மா.”

சுற்றிப் போய், அப்பா உட்காரும் வலப்பக்கத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்தாள்.

திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தோம். அம்மா ஆரஞ்சை உரித்தாள், நாரெடுத்தாள், கொட்டையைப் பிதுக்கினாள். எதிரே சாலையைப் பார்த்தபடியே, எப்போதும்போல வலப்பக்கம் ஒரு சுளையை நீட்டி, “இந்தாங்க” என்றாள்.

கை ஜன்னலுக்கு வெளியே போயிருந்தது. தெரிந்த பிறகும் அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

கையை உள்ளே எடும்மா என்று சொல்ல வாய்வரை வந்தது. எனக்கும் பசிதான்.

வண்டியை மெதுவாக்கினேன்.