முதல் குடம்

"யாராவது ஒருத்தராவது திட்டணும் சசி. இல்லேன்னா பத்து மார்க்கும் போச்சு!"

கீர்த்தனா காதைக் கடித்தாள். சசிரேகா காலிக் குடத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குன்னூர்க் குளிர் பாதி, பயம் பாதி.

சமூகவியல் பேராசிரியை கொடுத்த வேலை இது. எங்கேயும் எழுதி வைக்காத, ஆனால் எல்லாரும் மதிக்கிற ஒரு விதியை மீற வேண்டும். எதிர்ப்பு எப்படி வருகிறது என்று எழுதித் தர வேண்டும். இன்றுதான் கடைசி நாள். எல்.கே.ஜி.யிலிருந்து வரிசை தப்பாத பெண்ணுக்கு இப்படி ஒரு சோதனை!

ஹாஸ்டலுக்குக் கீழே தெருக்குழாய். நிழலில் குடங்கள் வரிசையாக நின்றன. குடத்துக்காரர்கள் எதிர்ப்பக்கம் ஸ்வெட்டரும் குல்லாவுமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். ஆள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் குடத்தை யாரும் முந்த மாட்டார்கள். அதுதான் அங்கே விதி.

சசிரேகா பல்லைக் கடித்துக்கொண்டு போய், தன் குடத்தை முதல் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.

குல்லா போட்ட ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண்மணி பாய்ந்து வந்தாள்.

"ஏம்புள்ள, கண்ணு தெரியலையா? வெடியால அஞ்சு மணிக்குக் கொடம் வெச்சவங்க எல்லாம் ஏமாளிங்களா? படிச்ச புள்ள செய்யற வேலையா இது?"

"அவசரம்க்கா..."

"உனக்கு மட்டும்தான் அவசரமா? எங்க ஊட்டுல எல்லாம் சோறு தானா வேகுதா? எடு கொடத்தை!"

முழுதாக இரண்டு நிமிடம். சசிரேகாவின் கண்ணில் நீர் முட்டியது. மனசுக்குள் பத்து மார்க் குதியாட்டம் போட்டது. கீர்த்தனா மளமளவென்று எழுதினாள்: 'விதியை மீறினால் மக்களுக்குத் தானாகவே கோபம் வருகிறது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.'

குடத்தை எடுத்த சசிரேகாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "மன்னிச்சிருங்கக்கா. காலேஜ்ல குடுத்த வேலைக்காகத்தான் இப்படிச் செஞ்சேன்."

"தெரியுங் கண்ணு." அவள் குரல் சட்டென்று இளகியது. "திங்கக்கெழமையில இருந்து நீ ஒம்பதாவது புள்ள. மொதல்ல வந்த புள்ளைய, போனாப் போகுதுன்னு யாரும் ஒண்ணும் சொல்லல. மார்க்கு போச்சுன்னு அது அழுதுட்டே போச்சு. அதுலேர்ந்து ஆளுக்கு ஒரு புள்ளைன்னு மொற வெச்சுத் திட்டறோம். போதுமா, இன்னுங் கொஞ்சம் திட்டட்டுமா?"

கீர்த்தனாவின் பேனா நின்றுவிட்டது.

அதற்குள் குல்லாக்காரர் ரோட்டைக் கடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. இது நிஜக் கோபம்.

"ஏ வீரம்மா! இன்னிக்குத் திட்டற மொற என்னுது. நேத்தே யோசிச்சு வெச்சுட்டு வரிசையில நிக்கறேன், எனக்கு முன்னால நீ எப்படிப் பூந்தே?"